கோதண்டம் தூக்கிய கை

செய்தியைக் கொண்டுவந்தவர் ஷெரீஃப் பாய். பூந்தமல்லியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். திருநின்றவூரில் என் வீட்டு வாசலில், காலை ஏழு மணிக்கு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நின்றார். நான் ரயிலுக்கு ஓடும் நேரம். ஒரு காலில் செருப்பு மாட்டியாகிவிட்டது, கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"இன்னா பாய், இம்மாந்தூரம் சைக்கிள்லயா? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றேன்.

"சொல்லி அனுப்புற சமாச்சாரம் இல்ல தம்பி. நம்ம கோதண்டம் பூட்டாரு."

எனக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும். துக்கமும் அப்படித்தான் வந்தது. "காலங்காத்தால இன்னா பேச்சு பாய் இது? போன மாசம்தானே அவரு ஊட்ல குந்திகினு டீ குடிச்சேன்?" என்று அந்த மனிதரிடம் கத்தினேன். அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு என் கையிலிருந்த தூக்கை வாங்கிக் கீழே வைத்தார். அப்புறம்தான் அழுதேன்.

பத்து நாள் காய்ச்சலாம். மஞ்சள் காமாலை என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டதாம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

நம் தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தின் மலருக்குக் கோதண்டத்தைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொன்னீர்கள். பல ஆண்டுகள் மன்றத்துக்குச் செயலாளராக இருந்தவன், அவரோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவன் என்பதால். எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பதை எழுதப் போவதில்லை. மண்ணூர்பேட்டைக்காரர், தகடு அடிக்கும் பவர் பிரஸ்ஸில் இருபது வருடம் நின்றவர், வம்புதும்புக்குப் போகாதவர், இதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. கோதண்டத்துக்குக் காது கேட்காது. இதை இப்போது எழுதலாம். இனி அவரை யாரும் வேலையிலிருந்து நிறுத்த முடியாது.

"எங்க கூடவே வேலை செஞ்ச ஆளு, எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். பிரஸ் ஷாப்பில் நின்றவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அங்கே யாருக்குத்தான் காது வேலை செய்தது? பன்னிரண்டு பிரஸ்ஸும் ஒரே நேரத்தில் தகட்டை அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோருக்கும் கைதான் வாய். நெற்றியில் விரலை வைத்தால் ஃபோர்மேன் வருகிறார். கட்டை விரலை உதட்டில் சாய்த்தால் டீ. மூக்கைப் பிடித்தால் கேன்டீனில் இன்றும் அதே சாம்பார். மிச்சத்தை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். காது கேட்காத ஒருவர் யாருக்கும் தெரியாமல் இருந்துவிட அம்பத்தூரில் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஸ்டோர்ஸில் காகிதம் பார்க்கிற நான் முதன்முதலாக அந்த ஷாப்புக்குள் போய், யார் என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் முழித்தபோது என்னைத் தோளில் தட்டி வெளியே அழைத்துவந்தவர் கோதண்டம். "இங்க வாயி தெண்டம் நைனா. கண்ணு கீது, கை கீது, போதும்" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று சிரித்தேன்.

மன்றத்தில் ஒரு ரேடியோகிராம் இருந்தது நினைவிருக்கும். பழைய மேனேஜர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. இடுப்புயரத் தேக்குமரப் பெட்டி. மூடியைத் தூக்கினால் உள்ளே இசைத்தட்டு சுழலும் மேடை, கீழே ரேடியோ, அதற்கும் கீழே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர். போட்டவுடன் பாடாது. வால்வு சூடேற வேண்டும், அதுவரை நாம் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே எரிச்சல்.

கோதண்டத்துக்கோ அது உயிர். சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும் கை கால் கழுவிக்கொண்டு நேரே மன்றத்துக்கு வருவார். இருபது முப்பது தட்டுகளில் ஒரு நாதஸ்வரத் தட்டை எடுத்துக் கொடுப்பார். எப்போதும் அதே தட்டு. தரையில் உட்கார்ந்து பெட்டியின் பக்கவாட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். நாதஸ்வரம் போகும்வரை சும்மா இருப்பார். தவில் வந்ததும் முகம் மாறிவிடும். தொடையில் விரல்கள் ஓடும். ஒரு அடி பிசகாது. அத்தனை பெரிய மனிதர் கண்ணில் நீர் வர உட்கார்ந்திருப்பார். "அண்ணாத்தே, சாஞ்சிக்க உனக்கு வேற செவுரே கெடைக்கலையா?" என்று நான் கேலி செய்வேன். "இந்தச் செவுரு பேசுது நைனா" என்பார்.

அது உண்மை. பிரஸ்ஸின் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஆனால் அந்தப் பெரிய ஸ்பீக்கர் தேக்குமரத்தை அதிரவைத்தது. மரம் அவர் முதுகெலும்பை அதிரவைத்தது. தவிலின் ஒவ்வொரு அடியும் அவருக்கு உள்ளே போய் விழுந்தது. மகள்கள் பேசுவது கேட்காது, மழை கேட்காது. உலகத்தில் அவருக்கு மிஞ்சியிருந்த சத்தம் அந்தப் பெட்டி ஒன்றுதான். இதில் ஒரு சொல்கூட அப்போது எனக்குத் தெரியாது.

பெட்டி படுத்தது. தட்டு பாதியில் வேகம் குறைந்து, நாதஸ்வரம் ஜலதோஷம் பிடித்தவர் பாடுவதுபோல இழுக்க ஆரம்பித்தது. ஷெரீஃப் பாயை வரவழைத்தோம். மேடையைக் கழற்றி, உள்ளிருந்து ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தை எடுத்து நகத்தால் சுரண்டிக் காட்டினார். "இதுதான் தட்ட சுத்துது. ரப்பரு கல்லா பூட்ச்சி, வழுக்குது. இத்த மாத்திட்டு, ஊசியும் புச்சா போட்டா இன்னும் பத்து வருசம் ஓடும். ஆனா சாமான் ஒடனே கெடைக்காது, அலையணும்" என்றார்.

அலைவதற்கு எனக்குப் பொறுமை ஏது? மவுண்ட் ரோடில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் புது ரிக்கார்டு பிளேயர் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். சிவப்புக் கைப்பெட்டி. மூடியைக் கழற்றினால் அதுவே ஸ்பீக்கர். மின்சாரம் இல்லாவிட்டாலும் பேட்டரியில் பாடும். அந்த வகையில் அதுதான் இருப்பதிலேயே மலிவு. பெட்டியைப் பழுதுபார்க்கும் செலவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே பேச்சு காசைப் பற்றியதல்ல. கையில் தூக்கிக்கொண்டு போகலாம், தொழிலாளி வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுக்கலாம், விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் வைக்கலாம். மன்றத்துக்கு எது உதவும் என்று கேட்டால் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அந்தச் சிவப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போக வேண்டும் என்று எனக்கே ஒரு ஆசை இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

ஷெரீஃப் பாயிடம் கருத்துக் கேட்டேன். தலையைச் சொறிந்தார். "சோக்காத்தான் கீது தம்பி. ஆனா ஊசி மாட்டுற அந்தப் பிக்கப்பு கனம். ஊசி தட்ட அழுத்தும். ஒரு வருசத்துல உங்க தட்டு எல்லாத்தையும் உழுதுடும், பாத்துக்க" என்றார். பழசை ரிப்பேர் செய்தால் அவருக்கு வேலை, அதனால் அப்படிச் சொல்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவர் சொன்னதுதான் பின்னால் நடந்தது.

செயற்குழுவில் நாங்கள் ஒன்பது பேர். கூட்டத்துக்கு முன்பே ஆள் ஆளாகப் பேசிக் கணக்குப் பார்த்திருந்தேன். என்னையும் சேர்த்துப் புதுசுக்கு நான்கு பேர். கோதண்டத்தையும் சேர்த்துப் பழசுக்கு ஐந்து பேர். தோற்கப் போகிறேன் என்று தெரிந்துதான் கூட்டத்தில் உட்கார்ந்தேன். அந்த ஆத்திரத்தில் அன்றைக்கு நான் பேசிய பேச்சு இருக்கிறதே!

கோதண்டம் அதிகம் பேசாதவர், அன்று எழுந்து நின்று பேசினார். "புச்சு வேணாம்னு சொல்லல நைனா. புச்சு அடுத்த வருசம்கூட வாங்கிக்கலாம். இது இப்ப பூட்சுனா பூட்ச்சி. சக்கரத்துக்கு நான் அலையறேன். லீவு போட்டுட்டு அலையறேன். எனக்கோசரம் வெச்சிக்கங்க" என்றார். 'எனக்காக' என்று அவர் எதையும் கேட்டு அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரிந்ததோ, என் திட்டத்துக்கு இவர் குறுக்கே நிற்கிறார் என்பது மட்டும்தான்.

"அண்ணாத்தே, புதுசு எம்மாம் கிளீனா பாடுது, கடைல வந்து கேளேன்! உனக்கு இன்னா, காது செவிடா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கோதண்டமும் ஒரு நொடி தாமதித்துச் சிரித்தார். அந்த ஒரு நொடியை இப்போது நினைத்தால் என் நாக்கை அறுத்துப் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கை தூக்கி முடிவு செய்யலாம் என்றார்கள். நான் எழுந்து எல்லோரையும் பார்த்து, "மொதல்ல பழசுக்கு, அப்பறம் புதுசுக்கு" என்று சொன்னேன். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி நடுவே ஒரு கோடு போட்டேன். சாக்பீஸ் கையில் இருக்கும்போதே ஒரு குயுக்தி தோன்றியது. கூட்டத்தில் எப்போதும் முதல் கேள்விக்குத்தான் கைகள் சுலபமாக எழும். யாராவது ஒருவன் அசட்டையாகத் தூக்கினால் போதும். ஆகவே வரிசையை மாற்றினேன். பலகையைப் பார்த்தபடியே, "சரி, மொதல்ல புதுசையே எடுத்துடலாம். புதுசு வேணும்ங்கறவங்க தூக்குங்க" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

ஐந்து கைகள். ஐந்தாவது கை கோதண்டத்தினுடையது. மற்றவர்களைவிட உயரமாக, விறைப்பாகத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே கட்சி மாறிட்டாருடோய்!" என்று யாரோ கூவினார்கள். மேசையைத் தட்டினார்கள். நான் பலகையில் புதுசு என்பதற்குக் கீழே ஐந்து என்று பெரிதாக எழுதினேன். கோதண்டம் அதைப் பார்த்தார். தூக்கிய கையை மெதுவாக இறக்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. நான் போய் அவரைக் கட்டிக்கொண்டேன். என் பேச்சில் மனம் மாறிவிட்டார் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

சிவப்புப் பெட்டி வந்தது. கோதண்டம் இரண்டு சனிக்கிழமை வந்தார். அதே நாதஸ்வரத் தட்டைக் கொடுத்தார். பிளாஸ்டிக் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, பீடி வாங்கி வருவதாகச் சொல்லிப் போனார். மூன்றாவது சனிக்கிழமையிலிருந்து வரவே இல்லை. ரேடியோகிராமை ஷெரீஃப் பாய் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அன்று மட்டும் கேட்வரை கூடவே நடந்து போனதாகச் சொன்னார்கள்.

வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்தேன். கை தூக்கிவிட்டு இப்போது முகம் திருப்புகிறாரே என்று எனக்கும் ரோஷம். ஏழெட்டு மாதம் அவரோடு பேசவில்லை. எதிரே வந்தால் குனிந்துகொண்டு போனேன். சின்னப்பிள்ளைகூட அப்படிச் செய்யாது.

ஆயுத பூஜை வந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் பிரஸ் ஷாப் வாயை மூடிக்கொண்டிருக்கும். இயந்திரங்களைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அன்று வாயால் பேசுவார்கள், அதுவே ஒரு வேடிக்கை. கோதண்டம் தன் பிரஸ்ஸுக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நல்ல நாள், பேசிவிடலாம் என்று போனேன். "அண்ணாத்தே" என்றேன். திரும்பவில்லை. "கோதண்டம் அண்ணே" என்றேன். திரும்பவில்லை. இரண்டடி தள்ளி நின்று கத்தினேன். சத்தம் கூரையில் மோதித் திரும்பியது. பொரி வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபம் தலைக்கேறி அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "இவ்ளோ திமிரா உனக்கு? மனுசன் கூப்புடுறது காதுல உழலையா?" என்று இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு டை அச்சுகளை அடுக்கிவைக்கும் அறைக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"உழல நைனா" என்றார். "ரெண்டு வருசமாவே எதுவும் உழல. யார்கிட்டயும் சொல்லிடாத. ரெண்டு பொண்ணுங்க கீது."

காது கேட்காதவரைப் பிரஸ்ஸில் நிற்க விடமாட்டார்கள். கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவரோ தரை அதிர்வதைக் காலால் உணர்ந்து, எதிரே நிற்பவர் கண்ணைப் பார்த்து, ஒரு விரலும் போகாமல் வேலை செய்துகொண்டிருந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் அவர் ரேடியோகிராமில் ஏன் சாய்ந்து உட்கார்ந்தார் என்பதையும் சொன்னார். "முதுவுல கேட்டுகினு இருந்தேன். அதாண்ட மட்டும் கேட்டுது" என்றார்.

"அப்பறம் எதுக்கு அண்ணாத்தே புதுசுக்குக் கை தூக்குன?" என்று கேட்டேன்.

என் தோளில் கை வைத்தார். "நீ ரொம்ப ஆசப்பட்ட. தூக்கிட்டேன்" என்றார்.

நம்பினேன். வெட்கமாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அவராக மனமொப்பி விட்டுக்கொடுத்ததல்லவா, நான் பறிக்கவில்லையே என்று.

அடுத்த நாளே பூந்தமல்லிக்கு ஓடினேன். ஷெரீஃப் பாய் பெட்டியை உடைக்காமல் கடைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். "தேக்கு தம்பி, மனசு வரல" என்றார். ஆனால் அந்தப் பெரிய ஸ்பீக்கரைக் கழற்றி ஒரு கல்யாண மண்டபத்து செட்டுக்குக் கொடுத்துவிட்டார். அது எங்கெங்கோ கைமாறிப் போய்விட்டது. மூர் மார்க்கெட்டில் நாலு ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். கோதண்டம் கேட்ட அலைச்சலை அவருக்குப் பதிலாக நான் அலைந்தேன். ரப்பர் சக்கரம் கிடைத்தது, ஊசி கிடைத்தது. அந்த அளவு ஸ்பீக்கர் மட்டும் கிடைக்கவே இல்லை. சின்னது ஒன்றைப் போட்டு மூடினார் பாய். மன்றத்துக்கு வேண்டாத பெட்டி என்பதால் நேரே மண்ணூர்பேட்டையில் கோதண்டத்தின் வீட்டுக்கே கொண்டுபோய், கதவைக் கழற்றி உள்ளே நுழைத்தோம். அவர் மனைவி சரோஜா அண்ணி மேலே மஞ்சள் துணி விரித்தார்.

சிவப்புப் பெட்டி உழுதது போக மிஞ்சியிருந்த அந்த நாதஸ்வரத் தட்டை வைத்தேன். மேடை ஒரே சீராகச் சுழன்றது. பாட்டு நன்றாகவே கேட்டது, எனக்கு. கோதண்டம் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினார். தவில் தொடங்கியதும் நான் அவர் தொடையை ஓரக்கண்ணால் பார்த்தேன். விரல்கள் ஓடின. என் நெஞ்சு நிறைந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டில் தவில் நின்று நாதஸ்வரம் தனியாகப் போக ஆரம்பித்தது. அவர் விரல்கள் நிற்கவில்லை. அவை தம் போக்கில் ஓடிக்கொண்டே இருந்தன.

ஊசியைத் தூக்கினேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"ஜோரா கீது நைனா" என்றார். "அப்பிடியே கீது."

"அப்பிடியே கீது இல்ல?" என்றேன் நானும்.

அண்ணி அடுப்பங்கரை வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போனேன். திருநின்றவூருக்கு வீடு மாறிய பிறகும் மாதம் ஒருமுறை போனேன். தட்டு வைப்பேன். அவர் சாய்ந்துகொள்வார். கேட்காத பாட்டை எனக்காக அவர் கேட்டார். அவருக்குக் கேட்கவில்லை என்று தெரியாததுபோல் நான் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள்கூட அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாவுச் செய்தி வந்த அன்று ஷெரீஃப் பாயோடு மண்ணூர்பேட்டைக்குப் போனபோது பந்தல் போட்டிருந்தார்கள். தெருவில் மேளம். காது கிழிகிற அடி. சரோஜா அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"காய்ச்சல்ல உன்னியேதான் கேட்டுகினு இருந்தாரு தம்பி. ஆள் அனுப்பட்டுமான்னா, வேணாம், வந்தா கத்துவான்னு சிரிச்சாரு. பொட்டிய எனக்கு அப்பறம் செகரெட்டரிகிட்ட குடுத்துடுன்னாரு."

"எனக்கு எதுக்கு அண்ணி? அவரு எனக்கோசரம் உட்டுக்குடுத்த பொட்டி அது" என்றேன்.

அண்ணி என்னையே பார்த்தார். பிறகு, நான் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்பதுபோல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "உட்டுக்குடுக்கல தம்பி. நீ போர்டாண்ட திரும்பிகினு கேட்டியாமே. பழசுக்குத்தான் கேக்கறன்னு தூக்கிட்டாராம். வாய தெறந்து சொன்னா காது சமாச்சாரம் வெளிய வந்துடும்னு கம்முனு வந்துட்டாரு. அன்னிக்கு ராவு முச்சூடும் தூங்கல. உங்கிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னாரு. தெரிஞ்சா நீ தாங்க மாட்டியாம்."

அவர் சொன்னது சரி. தாங்க முடியவில்லை.

சுடுகாட்டில் முகத்தை மூடுவதற்கு முன், பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குரல் கொடுத்தார்கள். நான் எல்லோரையும் தள்ளிக்கொண்டு போய்க் குனிந்தேன். அவர் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்து, வெளிச்சம் என் உதட்டில் விழும்படி நகர்ந்து, இத்தனை வருடப் பழக்கத்தில் சத்தமில்லாமல், நிதானமாக, "திரும்பி நின்னு கேட்டுட்டேன் அண்ணாத்தே. தப்பு என்மேலதான்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். அவர் கண் மூடியிருந்தது.

பெட்டியை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அது அந்த வீட்டிலேயே இருக்கட்டும், மகள்கள் கேட்கட்டும். கோதண்டத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது, மற்றவர்களைவிட உயரமாக, விறைப்பாக அவர் தூக்கிய அந்தக் கையை மட்டும்தான். அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டில் புதுசுக்கு ஐந்து என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அன்று அங்கே இருந்தவர்கள், இல்லாதவர்கள், எல்லோருக்கும் இப்போது முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். புதுசுக்கு நான்கு. பழசுக்கு ஐந்து. ஜெயித்தது கோதண்டம்.